‘ஒண்ணும் பண்ணாது சார்’

கேள்வி: சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மூன்றரை வயது லாப்ரடார் வளர்க்கிறோம், பெயர் மைலோ, 34 கிலோ. இதுவரை யாரையும் கடித்ததில்லை, குழந்தை மாதிரி. போன வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு வழக்கம்போல் பக்கத்துப் பூங்காவில் கயிற்றைக் கழற்றி ஓட விட்டேன். எங்கள் பிளாக்கில் இருக்கும் 71 வயதுப் பெரியவர் எதிரே நடந்து வந்தார். மைலோ ஓடிப்போய் அவர்மேல் முன்னங்காலைப் போட்டுவிட்டான், விளையாட்டுக்குத்தான். “ஒண்ணும் பண்ணாது சார், பயப்படாதீங்க” என்று கத்திக்கொண்டே ஓடினேன், அதற்குள் அவர் பின்னால் சாய்ந்து விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கையில் நகம் கீறி லேசாக ரத்தமும் வந்தது. அவர் மகன் வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அசோசியேஷனில் மைலோவை லிஃப்டில் ஏற்றக் கூடாது, மாதக் கடைசிக்குள் வெளியே அனுப்ப வேண்டும் என்கிறார்கள். என் கணவர் ஊரில் தென்னந்தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார். கடிக்கவே கடிக்காத நாய்க்கு இவ்வளவு தண்டனையா? தெருவில் பத்து நாய் திரிகிறது, அதைக் கேட்க யாருமில்லையா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

உங்கள் கடிதம் வந்த அன்றே அவசரமான பகுதியை மட்டும் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இதே நிலைமையில் வேறு யாராவது இருக்கலாம் என்பதால் அதை இங்கே இன்னொரு முறை சொல்கிறேன். நகம் கீறி ரத்தம் வந்தால், கடிக்கவில்லை என்றாலும், மருத்துவக் கணக்கில் அது பெரிய காயம்தான். நாய் தன் காலை நக்கும், எச்சில் நகத்தில் இருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது (இன்றைக்கும் வைக்கிறார்கள், படித்தவர்கள் வீட்டிலும்). அப்புறம் நேராக அரசு மருத்துவமனைக்குப் போனால் ரேபிஸ் ஊசியை இலவசமாகவே போடுவார்கள். தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தவணை. ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) போட வேண்டியிருக்கும். அதை மருத்துவர் முடிவு செய்வார். “ஊசி போட்ட நாய்தானே, பரவாயில்லை” என்று நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. ரேபிஸ் வந்த பிறகு மருந்து கிடையாது என்பதால் இந்த விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். அதில் ‘மைலோ’ என்ற பெயர் வருகிறது, அவனுடைய வயது, எடை, குணம் எல்லாம் வருகிறது. கீழே விழுந்த பெரியவரைப் பற்றி 71 வயது, உங்கள் பிளாக், மாவுக்கட்டு, கீறல், இவ்வளவுதான். அவர் இப்போது எப்படி இருக்கிறார், வலது கையா இடது கையா, வீட்டில் அவருக்குச் சோறு பிசைந்து கொடுக்க ஆள் இருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நாய் வளர்க்கிற எல்லோருக்கும் வருகிற கண்மறைப்பு இது, எனக்கும் வந்திருக்கிறது, அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

“ஒண்ணும் பண்ணாது.” இருபத்திரண்டு வருஷமாக கிளினிக் நடத்துகிறேன், இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மேஜைமேல் ஏற்றிய நாய் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், சொந்தக்காரர் பக்கத்தில் நின்று சிரித்தபடியே “ஒண்ணும் பண்ணாது டாக்டர், சும்மா மிரட்டுவான்” என்பார். நீங்கள் மைலோவை மூன்றரை வருஷமாகப் பார்க்கிறீர்கள். அவன் எப்போது குதிப்பான், எப்போது நக்குவான் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெரியவர் பார்த்தது மூன்று நொடி. அந்த மூன்று நொடியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் 34 கிலோ எடையுள்ள ஒன்று தன்னை நோக்கி ஓடி வருகிறது என்பதுதான். நம் வீட்டுக்கு வாங்குகிற அரிசி மூட்டை 26 கிலோ. அதைவிட எட்டுக் கிலோ கூடுதலான மூட்டை ஒன்று ஓடிவந்து நெஞ்சில் இடித்தால், இடித்தது அன்பாலா கோபத்தாலா என்பது மணிக்கட்டுக்குத் தெரியாது.

என் கதை இது. 2009ஆம் வருஷம், அப்போது வெள்ளை என்று ஒரு ராஜபாளையம் கலப்பு வைத்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்த காலை, கேட்டை நான்தான் சரியாகத் தாழ் போடாமல் விட்டேன். பேப்பர் போடும் பையன் சைக்கிளில் வந்தான், வெள்ளை துரத்தினாள், பையன் பயத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பி விழுந்தான். பேப்பர் கட்டு முழுக்கத் தண்ணீரில், முழங்காலில் தோல் உரிந்து தொங்கியது. நான் லுங்கியோடு ஓடிப்போய் என்ன சொன்னேன் தெரியுமா? இதே வாக்கியம்தான். கால்நடை மருத்துவன் நான், சொல்லிக்கொண்டே தூக்கிவிட்டேன். பையன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. “அது எனக்கு எப்படி சார் தெரியும்?” என்றான். காயத்தைக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நனைந்த பேப்பருக்குக் காசு கொடுத்து, எல்லாம் செய்தேன். அதற்கப்புறம் அந்தப் பையன் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை, வேறு லைன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். நாய் கடிக்கவில்லை. ஆனால் ஒரு பையனின் காலை நேரத்தை நாங்கள் கெடுத்துவிட்டோம்.

‘கடிக்கவில்லையே’ என்ற வாதம் சட்டத்திலும் நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆக இருந்ததுதான், 2024 ஜூலையிலிருந்து புது எண். நம் வசம் உள்ள விலங்கால் மனிதர்களின் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடும் என்றால் அதைத் தடுக்கப் போதிய முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும், தெரிந்தோ அலட்சியமாகவோ எடுக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடிப்பது என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதோடு, எலும்பு முறிவு என்பது சட்டத்தின் கணக்கில் சாதாரணக் காயம் இல்லை, கொடுங்காயப் பட்டியலில் வருவது. அந்தப் பெரியவரின் மகன் வாசலில் சத்தம் போட்டதோடு நிறுத்திக்கொண்டார். காவல் நிலையம் போயிருந்தால் உங்கள் பாடு இன்னும் சிரமமாகியிருக்கும்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பூங்காக் காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அதற்குப் பிறகுதான் பூங்காவுக்குள் நாயைக் கூட்டி வருவதற்கான கெடுபிடிகளைச் சென்னை மாநகராட்சி இறுக்கியது, கயிறு கட்டாமல், வாய்மூடி போடாமல் கூட்டி வரக் கூடாது என்றது. அப்போது என்னிடம் வந்த லாப்ரடார்க்காரர்கள் பாதிப் பேர், “அது ராட்வீலர் டாக்டர், நம்மளது அப்படியா” என்றார்கள். இனம் முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன், தாடை பலமும் உடல் எடையும் நிஜம். ஆனால் இனத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது ராட்வீலர் வளர்க்காதவர்களுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. மத்திய அரசு அதே வருஷம் மார்ச்சில் 23 இனங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்யச் சொன்னது, கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பட்டியல் இன்னும் பத்து வரும், பத்து போகும். கயிறு உங்கள் கையில் இருந்ததா இல்லையா என்பதுதான் ஒவ்வொரு முறையும் கேட்கப்படும் கேள்வி.

அசோசியேஷன் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று தடை போட எந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை, பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் சரி, என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்வதும் அதன்படி செல்லாது. இதைப் படித்த கையோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட வேண்டும் என்று உங்கள் விரல் துடிக்கும், தயவுசெய்து போடாதீர்கள். இன்றைக்கு நீங்கள் சட்டம் பேசினால் அவர்களும் சட்டம் பேசுவார்கள், மேலே சொன்ன 291 அவர்கள் கையில் இருக்கிறது. அதே வழிகாட்டுதலில் அசுத்தத்தை அள்ளுவது, மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் வைத்துக்கொள்வது பற்றியும் இருக்கிறது, அந்தப் பக்கத்தை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில்லை. லிஃப்டில் வேறு யாராவது இருந்தால் நீங்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். உள்ளே நீங்கள் இருக்கும்போது யாராவது ஏற வந்தால் மைலோவை மூலையில் உட்கார வைத்து நீங்கள் நடுவில் நில்லுங்கள், “வரலாமா?” என்று கேளுங்கள். இரண்டு மாதம் இப்படி நடந்துகொண்டால் தீர்மானத்தை அவர்களே மறந்துவிடுவார்கள்.

உரிமம் வாங்கியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. மாநகராட்சி இணையதளத்தில் 50 ரூபாய், ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். 2025இல் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கினார்கள், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஐம்பது ரூபாய் வேலையை ஐயாயிரம் ரூபாய் வேலையாக்கிக்கொள்ள வேண்டாம்.

தெரு நாய்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியாயமான கோபம்தான். கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காக நடக்க வேண்டும், நடக்காத இடத்தில் கேள்வி கேட்க வேண்டும். அதை மாநகராட்சியிடம் கேளுங்கள், பெரியவரிடம் கேட்காதீர்கள். தெரு நாய்க்குக் கழுத்தில் பெல்ட் இல்லை, ஆதார் அட்டையோடு ஒருவர் பின்னால் ஓடி வரவும் இல்லை. மைலோவுக்கு இரண்டும் இருக்கிறது.

இனி, உங்கள் கணவர் சொன்ன தென்னந்தோப்பு. இதை நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப்போகிறேன். சென்னை ஃப்ளாட்டில் ஃபேன் காற்றில், சோபாவில் தலை வைத்துத் தூங்கிய லாப்ரடாரைத் தோப்பில் விட்டால் அது சந்தோஷமாக ஓடியாடும் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் கதை. தோப்பில் ஓட விட்டால் கோழியைப் பிடிக்கும் என்று மூன்றாம் நாளே மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலியில் கட்டிவிடுவார்கள். காவல்காரர் போடுகிற சோற்றைத் தின்னும், உண்ணி ஏறும், உண்ணிக்காய்ச்சல் வரும். இப்படித் தோப்பிலிருந்து திரும்ப என்னிடம் வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசியாக வந்தவளின் ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போயிருந்தது, எடை பாதியாகியிருந்தது, ஆனாலும் பழைய சொந்தக்காரரைப் பார்த்ததும் வாலாட்டினாள். குதிப்பது பழக்கம், பழக்கத்தை மாற்றலாம். அதற்குத் தோப்பு தேவையில்லை, ஒரு மாதப் பொறுமை போதும்.

மைலோ ஏன் குதிக்கிறான்? நாம் சொல்லிக்கொடுத்ததுதான். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது முழங்காலில் ஏறினான், அய்யோ அழகு என்று தூக்கிக் கொஞ்சினோம். ஆறு கிலோவில் கொஞ்சியதற்கு 34 கிலோவில் திட்டுகிறோம், அவனுக்குக் கணக்கு புரியவில்லை. இன்னொரு விஷயம், நீங்கள் கத்திக்கொண்டே ஓடியதைப் பார்த்து, ‘ஆகா, அம்மாவும் விளையாட வருகிறாள்’ என்றுதான் நினைத்திருப்பான். நாயின் பின்னால் கத்திக்கொண்டு ஓடுவது போல அதை உற்சாகப்படுத்துவது வேறு எதுவும் இல்லை.

வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். வேலை முடிந்து கதவைத் திறந்ததும் மேலே பாய்வான் இல்லையா, அப்போது கையால் தள்ளாதீர்கள், ‘நோ நோ’ என்று கத்தாதீர்கள், தள்ளுவதும் கத்துவதும் அவனுக்கு விளையாட்டுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் கட்டி மரம் மாதிரி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் குனிந்து தடவிக்கொடுங்கள், வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று கொடுங்கள், சுண்டுவிரல் நகம் அளவு போதும். மறுபடி குதித்தால் மறுபடி மரம். முதல் வாரம் ஒரு நாளைக்கு இருபது தடவை இது நடக்கும், அலுத்துப்போகும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. நீங்கள் மரம் மாதிரி நிற்பீர்கள், உங்கள் கணவர் ஆபீசிலிருந்து வந்து ‘வாடா என் தங்கம்’ என்று நெஞ்சைக் காட்டுவார், அத்தோடு போச்சு. நாயைப் பழக்குவதைவிட வீட்டு ஆண்களைப் பழக்குவதுதான் கஷ்டம் என்று என் கிளினிக்குக்கு வரும் அம்மாக்கள் சொல்வார்கள், நான் மறுப்பதில்லை.

வெளியே போகும்போது ஆறடிக் கயிறு போதும். பட்டனை அழுத்தினால் பதினாறு அடி வரை ஓடுகிற அந்த டேப் மாதிரி லீஷ் வேண்டவே வேண்டாம். பதினாறு அடி தள்ளி இருக்கிற நாய் கட்டின நாய் இல்லை. அது பிய்த்துக்கொண்டு இழுத்தால் கைப்பிடியே கையை விட்டுப் போய்விடும். கழுத்தை இறுக்குகிற செயினும் வேண்டாம், அது வலியைத்தான் சொல்லிக்கொடுக்கும், எதிரே ஆள் வரும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது என்றால் ஆளைக் கண்டாலே ஆகாது என்று ஒரு நாள் முடிவுகட்டிவிடும். மார்பில் மாட்டுகிற பெல்ட்டில், முன்பக்கம் வளையம் இருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள், இழுத்தால் தானாகவே உங்கள் பக்கம் திரும்பிவிடுவான். எதிரே யாராவது வந்தால் பாதையை விட்டு நீங்கள் ஒதுங்குங்கள். அவர் ஒதுங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், கடந்து போகட்டும், ஈரல் கொடுங்கள். அவர் நின்று “தொடலாமா?” என்று கேட்டால் தொடட்டும். கேட்காதவரிடம் நாயைப் பழக்கப்படுத்தி வைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. நாய்க்குப் பயப்படுகிறவரைப் பார்த்து “பயப்படாதீங்க” என்று சொல்வது பெரிய தைரியம் சொல்வதாக நமக்குத் தோன்றும். அவர் சின்ன வயதில் கடிபட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவராக இருக்கலாம். அந்தத் தலைமுறை இன்னும் நம்மிடையே நடந்துகொண்டுதான் இருக்கிறது, உங்கள் பெரியவரின் வயதுதான் அவர்களுக்கும்.

ஓட விடக் கூடாதா என்றால், விடலாம், சுற்றிலும் அடைத்த இடத்தில். தெரிந்தவரின் காலி மனை, மதில் உள்ள மைதானம், அசோசியேஷன் ஒத்துக்கொண்டால் மாடி, இப்படி. ‘வா’ என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, எதிரே இன்னொரு நாய் நிற்கும்போதும் திரும்பி வருகிற நாயைத்தான் கயிறில்லாமல் விடத் தகுதியுள்ளது என்று நான் சொல்வேன். என்னிடம் வருகிற நூறு நாயில் அப்படி நாலைந்து தேறினால் அதிகம். பூங்கா அதற்கான இடம் இல்லை, அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள், சர்க்கரைக்கும் ரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வாய்மூடி பற்றி. மைலோ விஷயத்தில் வாய்மூடி போட்டிருந்தாலும் பெரியவர் விழுந்திருப்பார், ஏனென்றால் அவரைத் தள்ளியது வாய் இல்லை. ஆனாலும் பழக்குங்கள், பூங்கா விதி அது, தவிர என்றைக்காவது அடிபட்டு வலியோடு கிளினிக்குக்கு வரும்போது மைலோகூட கடிப்பான், அன்றைக்கு எனக்கு உதவும். துணியில் குழாய் மாதிரி வாயை இறுக்கிக் கட்டுகிறதை வாங்காதீர்கள். நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும், சென்னை வெயிலில் வாயைக் கட்டினால் பத்தே நிமிஷத்தில் ஆபத்து. கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள், அதில் நாக்கைத் தொங்கவிடலாம், தண்ணீர் குடிக்கலாம். உள்பக்கம் கொஞ்சம் கெட்டித்தயிரைத் தடவி அவனாகவே மூஞ்சியை நுழைக்கிற மாதிரி பிடியுங்கள், நக்கி முடித்ததும் எடுத்துவிடுங்கள், முதல் மூன்று நாள் வாரைக் கட்டவே வேண்டாம். இரண்டு வாரத்தில் கூடையைக் கண்டாலே எச்சில் ஊற்றுவான்.

கடிதத்தின் பின்பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள், சாயங்கால நடைக்கு வீட்டு வேலைக்கு வரும் அக்கா கூட்டிப்போவார் என்று. அவருக்கு என்ன எடை இருக்கும்? மைலோ ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் அவரால் பிடித்து நிறுத்த முடியுமா? பூங்கா முடிந்து தெருவில் யாரையாவது தள்ளிவிட்டால் கூட்டம் அந்த அக்காவைத்தான் சூழ்ந்துகொள்ளும், சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று அவர் உங்களிடம் மறைக்கவும் கூடும். வாட்ச்மேன், டிரைவர், ஆறாம் வகுப்புப் பையன், யாரிடம் கயிற்றைக் கொடுத்தாலும் பொறுப்பு உங்களிடம்தான் இருக்கிறது. முடிந்தவரை நீங்களோ உங்கள் கணவரோ போங்கள்.

அதே நடையில் இன்னொன்று. காலையில் தெருவில் பாருங்கள், ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளித்து, குனிந்து நிமிர்ந்து, புள்ளி வைத்து ஒரு அம்மா கோலம் போட்டிருப்பார், மாவு இன்னும் ஈரம் காய்ந்திருக்காது, பெரிய இடத்து நாய் ஒன்று வந்து நடுவில் காலைத் தூக்கும். கயிற்றைப் பிடித்திருப்பவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், இன்னொரு குடம் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றுவார். நாய் வளர்ப்பவர்கள்மேல் இருக்கிற கோபத்தில் பாதி இப்படித்தான் சேர்கிறது, கடியால் இல்லை. பழைய செய்தித்தாள் இரண்டு தாள், ஒரு கவர், பாட்டிலில் தண்ணீர், இதை வாசலில் கயிற்றோடு சேர்த்து மாட்டி வைத்துவிட்டால் மறக்காது. அள்ளாமல் விட்ட மலத்தில் கொக்கிப்புழு முட்டை மண்ணில் பொரிந்து, அதிலிருந்து வரும் இளம்புழு வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலுக்குள் போகும். மைலோவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுங்கள்.

கடைசியாக, இன்றைக்கே செய்ய வேண்டியது. நீங்களும் உங்கள் கணவரும் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போங்கள், மைலோ இல்லாமல். மகன் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், அவர் இல்லாத நேரம் பார்த்துப் போனதாக ஆகக் கூடாது. “எங்கள் தப்பு, கயிற்றைக் கழற்றியது நான்” என்று சொல்லுங்கள், அதற்குப் பின்னால் ‘ஆனால்’ வரக் கூடாது. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, ஊசிக்குப் போய்வந்த ஆட்டோ, கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபி, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர்கள் பில்லைக் காட்டிக் கேட்கும்படி வைக்காதீர்கள். அவர் வேண்டாம் என்பார், அந்தத் தலைமுறை அப்படித்தான், இரண்டாம் முறை சொல்லுங்கள். 28ஆம் நாள் ஊசி தேதியைக் குறித்துக்கொண்டு அன்று காரை எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள்.

மைலோவின் ஊசி அட்டையை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். ‘போன வருஷம் போட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அட்டையைப் பார்த்தால் பதினான்கு மாதம் ஆகிறது, அதாவது இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது. பயத்தில் உடனே கொண்டுபோய்ப் போட்டுவிடாதீர்கள் என்று உங்களுக்குத் தனியாக எழுதியபோதே சொன்னேன். ஒருவரைக் கீறிய நாயைப் பத்து நாள் வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும், நன்றாகச் சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று. அந்த நாட்களில் ஊசி போட்டால் ஊசியால் வந்த காய்ச்சலா வேறு ஏதாவதா என்று குழப்பம் வரும். நீங்கள் இதைப் படிக்கும்போது பத்து நாள் முடிந்திருக்கும். மைலோ வழக்கம்போல் இருந்தால் அதை முதலில் பெரியவரின் மருத்துவருக்குச் சொல்லுங்கள், மீதி ஊசிகளை என்ன செய்வது என்று அவர் பார்த்துக்கொள்வார். அப்புறம் மைலோவைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் ஊசியைப் போட்டுவிடுங்கள், ஆறடிக் கயிற்றில்.